குதிரையேற்றம் குறித்த ஒருமித்த கருத்து

துறைத் தலைவர் தஸ்தான்பேகோவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பி என்று என் அண்ணன் சொல்கிறார். சரி. நன்றாகச் சாப்பிடுவார். தொப்பியைக் கோணாமல் வைப்பார். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது. நடுவில் ஞாபகம் வந்தால் சேர்த்துவிடுகிறேன். வராது.

நான் ஓரின்குல். தாஸ்குதுக் பண்பாட்டு மாளிகையில் பதினெட்டு வருஷமாக டிக்கெட் கிழிக்கிறேன், வருகிறவர்களின் மேல்கோட்டை வாங்கி மாட்டுகிறேன், வட்டாரப் பண்பாட்டுத் துறை அனுப்பும் படிவங்களைத் தட்டச்சு செய்கிறேன். என் அண்ணன் பெயர் சகிந்திக், தேடல் குழுவில் வண்டி ஓட்டுகிறார். விண்வெளிக்குப் போனவர்கள் திரும்பி வந்து விழுவது எங்கள் புல்வெளியில்தான். 'விழுவது' என்று எழுதக் கூடாது, 'தரையிறங்குவது' என்றுதான் எழுத வேண்டும் என்று துறையின் சுற்றறிக்கை இருக்கிறது. பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் அந்தச் சுற்றறிக்கையை எழுதவில்லை.

அண்ணன் அந்தப் பெரிய நீல வண்டியை இருபத்தொரு வருஷமாக ஓட்டுகிறார். ஓட்டுவதோடு முடிவதில்லை. கலத்தைத் திறந்து, உள்ளே இருப்பவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும் நான்கு பேரில் அவரும் ஒருவர். மாதக்கணக்கில் எடையே இல்லாமல் மிதந்தவருக்குத் தன் தலையே கருங்கல்லாகக் கனக்கும். காலில் நிற்க வராது. ஒரு தடவை ஒரு பெண் அண்ணனின் சட்டையில் வாந்தி எடுத்துவிட்டு, அதே சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாராம். அந்தச் சட்டையை அண்ணி துவைத்துப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறாள். அண்ணன் அதைத் திரும்பப் போட்டதில்லை.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் 'இரும்பு முளையைத் தாண்டி' என்ற படம் வந்தது. இரும்பு முளை என்றால் துருவ நட்சத்திரம். வானத்துக் குதிரைகளை அதில் கட்டியிருக்கிறது என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. படத்தின் கதாநாயகன் பதினான்கு வருஷம் பறந்து அந்த நட்சத்திரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான். கலம் புல்வெளியில் இறங்குகிறது, பூனை குதிப்பது போலச் சத்தமில்லாமல். கதவை உதைத்துத் திறக்கிறான். பெரியவர்கள் ஓடி வந்து சப்பான் அங்கியைப் போர்த்துகிறார்கள், ஒரு வெள்ளைக் குதிரையைக் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். அதற்கு மேலான மரியாதை எங்களிடம் கிடையாது. வேண்டாம் என்று சொல்வதற்கும் இடம் கிடையாது, சொன்னால் கொடுத்தவர் முகத்தில் காறித் துப்பிய மாதிரி. கதாநாயகன் ஒரே தாவலாகத் தாவிக் குதிரையில் ஏறிச் சூரியனை நோக்கிப் பறக்கிறான்.

அந்த இடத்தில் பாதி அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஸெய்னெல்கபிதேன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். என் அண்ணி பக்தாகுல் தலைத்துணியின் இரண்டு முனையையும் நனைத்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் அண்ணன் சிரித்தார். உதட்டுச் சிரிப்பில்லை. வயிறு குலுங்க, இருக்கை கிறீச்சிட, ஒரு சிரிப்பு.

வெளியே வரும்போது எல்லோருக்கும் கருத்துச் சீட்டு கொடுத்தேன். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: 'மிக நன்று', 'மிக மிக நன்று', 'சொல்ல வார்த்தையில்லை'. எங்கள் ஆட்களுக்குக் கட்டம் பற்றாது. சீட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுதினார்கள். 'நம் பிள்ளை நட்சத்திரத்தைத் தொட்டான், இனி செத்தாலும் கவலையில்லை' என்று ஆசிரியர். 'பதினாலு வருஷத்தில் மீசை ஒரு முடி வளரவில்லை' என்று முடிதிருத்துபவர். 'குதிரை நல்ல குதிரை, மற்றது எனக்குத் தெரியாது' என்று ஒரு ஆட்டு மந்தைக்காரர். எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பதினோரு சீட்டில் இருநூற்று ஐந்து படத்துக்கு ஆதரவு, இருநூற்று ஐந்து எதிர்ப்பு, ஒன்று குதிரைக்கு.

அண்ணன் வீட்டிலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? எல்லாரும் அழறாங்க, நீ மட்டும் கழுதை மாதிரி கனைக்கறே!" என்றாள் அண்ணி.

"அவன் தாவினானே, பார்த்தியா? தாவினா முதுகெலும்பு முறிஞ்சுடும், பக்தாகுல்."

"முறியட்டும்! படத்துலதானே முறியுது! அழகா இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு."

"அழகாத்தான் இருந்துச்சு. அதுக்காகச் சிரிக்காம இருக்க முடியுமா?"

இரண்டு நாள் அண்ணனுக்கு ஆறிப்போன தேநீர்தான் கிடைத்தது. மூன்றாம் நாள் சமாதானமானார்கள். அதோடு விஷயம் முடிந்திருக்கும். எங்கள் ஊரில் எதற்குத்தான் இரண்டு கருத்து இல்லை?

ஆனால் துறை வந்தது. இரண்டு கார், ஒரு வேன், வட்டாரத் தலைவர் எர்கெபுலான் தஸ்தான்பேகோவ், அவருக்குப் பின்னால் 'கருத்து ஒருமைப்பாட்டுக் குழு' என்று சட்டையில் அட்டை குத்திய ஒன்பது பேர். மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்றால் பெயரைச் சுருக்கி 'எரெக்கே' என்போம். அன்று எல்லோரும் எரெக்கே, எரெக்கே என்று குழைந்தார்கள். நானும்தான். இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது.

அரங்கத்தில் ஊரைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"பெருமக்களே, இந்தப் படத்தை எடுக்க நாலு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள நாலு அமைச்சர்கள் மாறினாங்க. நாலு பேருக்கும் படம் ரொம்பப் பிடிச்சிருந்தது, நாலு பேருமே பார்க்கலைன்னாலும். பார்க்காத பெரியவங்களே ஒரே கருத்தா இருக்கும்போது, பார்த்த நீங்க எதுக்கு ரெண்டா பிரியணும்? சில பேர் சொல்றாங்க, படம் தோத்துடுச்சுன்னு. படம் தோக்கலை. பார்வையாளருங்க தோத்திருக்கீங்க. பரவாயில்லை, உங்களுக்கு மறுதேர்வு வைக்கிறோம்."

கை தட்டினோம். கை தட்டுவதைக் குழுவில் ஒருவர் குறித்துக்கொண்டிருந்தார்.

மறுதேர்வு என்றால் மறுபடி படம் பார்ப்பது. இடப்பக்கம் 'புரிந்துகொண்டவர்கள்', வலப்பக்கம் 'புரிந்துகொள்ளப் போகிறவர்கள்' என்று பலகை வைத்தார்கள். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். நுழையும்போது ஆளுக்கொரு வெள்ளைக் கைக்குட்டை கொடுத்து, வெளியே போகும்போது திரும்ப வாங்கி, ஈரத்தைத் தொட்டுப் பார்த்து எழுதினார்கள். குழுவில் அதற்கென்றே ஓர் அதிகாரி. சளி பிடித்திருந்த அஞ்சல்காரர் ஊரிலேயே முதலிடம் பெற்றார், அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதை வாங்கும்போதும் ஒரு தும்மல் போட்டார்.

ஐந்து நாள் ஓடியது. கடைசி நாள் சீட்டை எண்ணினால், ஆதரவு இருநூற்று மூன்று. இரண்டு குறைந்திருந்தது. தினம் பார்த்ததில் இரண்டு பேருக்கு மீசை விஷயம் கண்ணில் பட்டுவிட்டது.

அப்போதுதான் தஸ்தான்பேகோவுக்கு ஒலிப்பதிவு ஞாபகம் வந்தது. முதல் காட்சியின் கைதட்டலைத் தலைநகருக்கு அனுப்புவதற்காகப் பதிவு செய்திருந்தார்கள். ஓட விட்டுக் கேட்டால், கைதட்டலுக்கு நடுவே அண்ணனின் சிரிப்பு, தனியாக, கணீரென்று. தலைநகருக்கு அனுப்ப வேண்டிய கைதட்டலை எவனோ கெடுத்துவிட்டான். அவன் யார்? ஊரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அந்தச் சிரிப்பைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கைக்குழந்தைகள் மட்டும்தான். ஒருத்தரும் சொல்லவில்லை. கால்நடை மருத்துவர் மட்டும் கண்ணை மூடி இரண்டு தடவை கேட்டுவிட்டு, "இது இருமல் கண்ட வெள்ளாடு" என்று எழுத்து மூலம் சான்று கொடுத்தார். குழு அரங்கத்தைச் சுற்றி வெள்ளாடு தேடியது.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தானே போய் நின்றார்.

"அது ஆடு இல்லீங்க, நான்தான்."

விசாரணையைத் தட்டச்சு செய்ய என்னைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். அதனால் ஒரு எழுத்து மாறாமல் சொல்ல முடியும்.

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்றார் தஸ்தான்பேகோவ்.

"சிரிப்பு வந்துச்சு."

"எங்கேருந்து வந்துச்சு?"

"வயித்துலேருந்து."

"வயிற்றுக் கோளாறு. அப்படின்னா ஒரு மருத்துவச் சான்று கொண்டாங்க, முடிச்சுடலாம்."

"எனக்கு ஒரு கோளாறும் இல்லீங்க. பதினாலு வருஷம் மிதந்தவனுக்குக் கழுத்தே நிக்காது. அவன் எங்க தாவறது? நான் தூக்கியிருக்கேன், எனக்குத் தெரியும்."

"எத்தனை பேரைத் தூக்கியிருக்கீங்க?"

"அறுபத்து மூணு பேரு."

"எல்லாரும் நிஜ ஆளுங்கதானே?"

"ஆமாங்க."

"அங்கதான் உங்க தப்பு. நிஜ ஆளுங்களை வெச்சு நம்ம கதாநாயகனை எடை போடறீங்க. இந்தக் காட்சி அறிவியல்படி சரின்னு சான்று கொடுத்ததே நான்தான். தெரியுமா உங்களுக்கு?"

"நீங்க யாரையாவது தூக்கியிருக்கீங்களா?"

"நான் சான்று கொடுக்கிறவன். தூக்கறது என் வேலை இல்லை."

பிறகு ஒரு தாளை நீட்டினார். 'அன்று நான் சிரித்தது பெருமிதத்தால்' என்று அச்சடித்திருந்தது. கீழே ஒரு கையெழுத்து போட்டால் போதும். போட்டுத் தொலையேன் அண்ணே என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

அண்ணன் தாளைத் திரும்ப வைத்தார். "இந்தப் படத்தைப் பார்த்துட்டு, நாளைக்குக் குழுவுக்குப் புதுசா வர ஒருத்தன், இறங்கினவங்களைக் கையைப் பிடிச்சு இழுத்து நிக்க வெச்சான்னா, அவங்க அங்கேயே செத்துப்போவாங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. மன்னிச்சுக்குங்க."

மன்னிக்கவில்லை. தேடல் குழுவுக்குத் துறையிலிருந்து கடிதம் போனது. 'ஏற்கத்தக்க கருத்துக்கு மாறாக, விண்ணிலிருந்து திரும்புவோரை ஏளனமாக நோக்கும் மனநிலை கொண்டவர்' என்று. ஏளனமாம்! அறுபத்து மூன்று பேரைக் குழந்தை மாதிரி ஏந்தியவர்! அடுத்த கலம் இறங்கப் பத்தொன்பது நாள் இருந்தது. பட்டியலிலிருந்து அண்ணன் பெயரை அடித்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு பிழையில்லாமல் அடித்தேன். ஏனென்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அண்ணன் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, முற்றத்தில் கவிழ்த்துப்போட்ட வாளி மேல் உட்கார்ந்தார். அவரிடமிருந்து ஒரு வாரம் சிரிப்பு வரவில்லை. அண்ணி சூடான தேநீர் கொண்டு வந்து வைத்தாள். அது ஆறிப்போனது.

அண்ணி என்னிடம் வந்தாள். இடுப்பில் கை, முகம் சிவந்திருந்தது.

"ஏண்டி ஓரின்குல், அந்தப் படம் எனக்குப் பிடிச்சது. இப்பவும் பிடிக்கும். நூறு தடவை போட்டாலும் நூறு தடவை அழுவேன். அதுக்காக என் புருஷனைப் பிடிச்சுத் தின்னுன்னு நான் சொன்னேனா? என் கண்ணீரை வெச்சு அவர் வேலைக்கு உலை வெக்கறானே, அந்த ஆளை ஏதாவது செய்யணும்டி."

"செய்வோம் அண்ணி," என்றேன்.

நான் பதினெட்டு வருஷம் படிவம் அடித்தவள். பெரியவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், படிக்க மாட்டார்கள். படிக்கிற பாவம் எங்களுக்குத்தான். ஒருமைப்பாட்டுக் குழுவின் விதித்தொகுப்பு நாற்பத்து நாலு பக்கம், தஸ்தான்பேகோவே சொல்லச் சொல்ல நான் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். முப்பத்தோராம் விதி: ஒரு காட்சியின் உண்மைத்தன்மை குறித்துப் பார்வையாளர் ஐயம் எழுப்பினால், சான்றளித்த அதிகாரி தாமே செயல்விளக்கம் அளித்து ஐயத்தைப் போக்க வேண்டும், விடைகள் மாறுபட்டால் செயல்விளக்கம் மீண்டும் நடத்தப்பட வேண்டும். முப்பத்திரண்டாம் விதி: எல்லோரும் ஒரே விடை அளித்தால் அது ஏற்கப்பட்ட கருத்து, சான்றளித்த அதிகாரி கையொப்பமிட்டு மூன்று நாளில் தலைநகருக்கு அனுப்ப வேண்டும், முன்னதாக அதற்கு மாறாகக் கருத்துரைத்தவர் நாற்பது திருத்தக் காட்சிகள் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அவர் எங்களை நினைத்து எழுதியது. இருந்தாலும் எழுதியது எழுதியதுதான்.

ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி விண்ணப்பம் போட்டேன். 'எரெக்கே அவர்கள் நேரில் செயல்விளக்கம் அளித்தால் எங்கள் அறியாமை நீங்கும்' என்று. கூடவே, ஊர் சார்பில் அவருக்குக் குதிரை ஏற்றி அங்கி போர்த்தும் மரியாதை, வட்டாரத் தொலைக்காட்சி வரும் என்றும் ஒரு வரி. மறுநாளே சம்மதம் வந்தது.

பண்பாட்டு மாளிகையின் விண்வெளி மூலையில் ஒரு சுழல் நாற்காலி இருக்கிறது. விண்ணுக்குப் போகிறவர்களைப் பழக்குவதற்காக வைத்திருந்தது, பழசானதும் எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை எடுத்து வாசலில் வைத்து, அச்சில் நல்ல எண்ணெயாக விட்டேன். பக்கத்தில் ஆட்டு மந்தைக்காரரின் வெள்ளைப் பெட்டைக் குதிரையைக் கொண்டு வந்து நிறுத்தினோம். சாதுவான குதிரை, மேலே பூசணிக்காயை வைத்தாலும் விழாமல் சுமந்து போகும்.

ஊரே திரண்டிருந்தது. ஆட்டுக்கறியைக் கொஞ்சம் தாராளமாகவே பரிமாறியிருந்தோம். தஸ்தான்பேகோவ் எழுந்து கேமராவைப் பார்த்துப் பேசினார்.

"குதிரை ஏறறது நம்ம ரத்தத்துல இருக்கு. விண்வெளியால அதை மாத்த முடியுமா? முடியாது! நான் சின்ன வயசுல குதிரை ஏறினதில்லை, பெரிய வயசுலயும் ஏறினதில்லை. ஏறாமலே எனக்கு இவ்வளவு உறுதியா தெரியுதுன்னா, ஏறினா எவ்வளவு தெரியும்னு யோசிச்சுப் பாருங்க!"

"பதினாலு வருஷம் மிதந்ததுக்குப் பதிலா மூணு நிமிஷம் சுத்தினா போதும் எரெக்கே," என்றேன். "ரொம்பச் சலுகை."

நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டையைக் கட்டினேன். சுற்றுவதற்கு, படத்தை மிகவும் நேசிப்பவர் ஒருவர் வேண்டும் என்று சொல்லி அண்ணியைக் கூப்பிட்டேன். முப்பது வருஷம் குதிரைப்பால் கடைந்த கை அது. முதல் நிமிஷம் தஸ்தான்பேகோவ் கேமராவைப் பார்த்துக் கையசைத்தார், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. இரண்டாம் நிமிஷம் கை கீழே இறங்கிவிட்டது. மூன்றாம் நிமிஷம் "போதும்" என்றார். அண்ணிக்கு அது காதில் விழவில்லையாம். கதாநாயகன் போதும் என்று சொல்லவில்லையே என்றாள் பிறகு.

பட்டையை அவிழ்த்ததும் ஆசிரியர் ஸெய்னெல்கபிதேன் அங்கியோடு முன்னால் வந்தார். "ஏறுங்க எரெக்கே! நம்ம ஊர் மரியாதை!" அவர் முகத்தில் கள்ளம் கொஞ்சமும் இல்லை. மனதார நம்பினார், பாவம்.

தஸ்தான்பேகோவ் அங்கியின் கைக்குள் காலை விடப் பார்த்தார். குதிரையை நோக்கி நடந்தார், ஆனால் குதிரை இருந்தது வேறு பக்கம். கேமராக்காரரைக் கட்டிப்பிடித்தார். நாங்கள் திருப்பி விட்டோம். வேண்டாம் என்று வாய் திறந்தார், சுற்றி நின்ற பெரியவர்களின் முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். எப்படியோ சேணத்து வளையத்தில் கால் வைத்து, நாலு பேர் முட்டுக் கொடுக்க மேலே போய் உட்கார்ந்தார், வாலைப் பார்த்தபடி. கடிவாளத்தைத் தேடினார். கிடைத்ததைப் பிடித்தார். குதிரை பொறுமையாகத் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் ஆட்டுக்கறி எல்லாம் அங்கி மேல் வந்தது.

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அத்தனை நாள் துக்கமும் ஒரே மூச்சில் இறங்கியது. அவர் சரிந்தபோது நானாக இருந்தால் விட்டிருப்பேன், தரை ஒன்றும் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஆனால் கூட்டத்தின் பின்னாலிருந்து அண்ணன் ஓடி வந்துவிட்டார். கழுத்துக்கு ஒரு கை, முட்டிக்கு ஒரு கை கொடுத்து, அப்படியே ஏந்தி நாற்காலியில் உட்கார வைத்தார்.

"கண்ணை மூடாதீங்க. தூரத்துல ஒரு இடத்தையே பாருங்க. மூச்சை மெதுவா விடுங்க. உங்க பேரைச் சொல்லுங்க."

"ஒருமைப்பாடு," என்றார் தஸ்தான்பேகோவ்.

"சரி, சரி. இன்னும் கொஞ்ச நேரத்துல ஞாபகம் வரும்."

அண்ணனுக்கு அவ்வளவுதான் புத்தி. என் வேலையை நான் பார்த்தேன். சீட்டுகளைக் கொடுத்தேன். ஒரே வினா: 'விண்ணிலிருந்து திரும்பியவர் உடனே குதிரை ஏற முடியுமா?' நானூற்றுப் பதினோரு சீட்டும் 'முடியாது' என்று வந்தது. ஆசிரியர் மட்டும் 'படம் அழகு, ஆனால் முடியாது' என்று எழுதி ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டாவது சீட்டைத் தஸ்தான்பேகோவிடம் நீட்டினேன்.

"நீங்களும் பார்வையாளர்தான் எரெக்கே. விதி. முடியும்னு எழுதினா விடை மாறுபட்டதா ஆயிடும். திரும்ப ஒரு தடவை காட்டணும்."

அவர் நாற்காலியைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். அண்ணி கையை உதறிச் சொடக்கெடுத்துக்கொண்டிருந்தாள். 'முடியாது' என்று எழுதினார். ஒருமித்த கருத்துத் தாளை அங்கேயே வைத்துக் கையொப்பம் வாங்கினேன். அது மூன்று வரி தாண்டிச் சாய்ந்து போயிருந்தது, ஆனாலும் அவருடையதுதான். மூன்று நாள் எதற்கு என்று அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

தலைநகரில் யாரும் எதையும் படிப்பதில்லை, விதி எண்ணை மட்டும் பார்ப்பார்கள். முப்பத்திரண்டாம் விதிப்படி கருத்து ஏற்கப்பட்டது. ஏற்கப்பட்ட கருத்தை அண்ணன் முதலிலேயே சொல்லியிருந்ததால் பட்டியலில் அவர் பெயர் திரும்ப ஏறியது. முன்னதாக மாறாக, 'முடியும்' என்று சான்று கொடுத்துக் கருத்துரைத்தவர் ஒரே ஒருவர்தான். நாற்பது காட்சி, இடம் தாஸ்குதுக் பண்பாட்டு மாளிகை, கண்காணிப்பு டிக்கெட் பணியாளர் என்று உத்தரவு வந்தது.

தினம் காலை பத்து மணிக்கு வருகிறார். மேல்கோட்டை வாங்கி மாட்டுகிறேன், டிக்கெட் கிழிக்கிறேன். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அரங்கத்தைச் சூடாக்கக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு, அதனால் கோட்டு இல்லாமல் குளிரில் உட்கார வேண்டியிருக்கிறது. கோட்டோடு உள்ளே போகக் கூடாது என்பதும் அவர் உத்தரவுதான்.

இன்று ஏழாவது காட்சி. விடியற்காலையே அண்ணன் நீல வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று பேர் இறங்குகிறார்கள்.

"ஓரின்குல் அம்மா," என்றார் தஸ்தான்பேகோவ், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "அந்தக் குதிரை வர இடத்துல மட்டும் நான் வெளியே போயிட்டு வரட்டுமா? எனக்கு அதைப் பார்த்தாலே வயித்தைப் புரட்டுது."

"வயித்துக் கோளாறா? மருத்துவச் சான்று இருக்குங்களா?"

"இல்லை."

"அப்ப உள்ளே போங்க," என்றேன். கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாளைப் போட்டேன்.